சொந்தக் காரணங்களுக்காக

அந்தப் பேப்பரை ஒரு நிமிஷம் இப்படிக் குடுங்க சார். படிக்க இல்ல, காலையிலயே எல்லாப் பேப்பரும் பாத்துட்டேன். இந்த போட்டோவை மட்டும் பாருங்க. கோப்பையைக் கையில வெச்சுக்கிட்டு நடுவுல நிக்கிறாரே, அவருதான் கோச் தேவசகாயம். சுத்தி நம்ம பொண்ணுங்க. வலது ஓரத்துல ஒரு காதும் பாதிக் கண்ணாடியும் தெரியுது பாருங்க, அது நான்தான். நவநீதகிருஷ்ணன், பெண்கள் நேஷனல் டீம் மேனேஜர். போன தடவை இதே போட்டோவைப் போட்டப்ப முழு மூஞ்சியும் இருந்துச்சு. இப்ப வெட்டிட்டாய்ங்க. இடம் பத்தலையாம். கோச்சோட தொப்பிக்கு மட்டும் எப்படியோ இடம் பத்துது.

என்ன போட்டிருக்கான், வாசிங்க. "உலகக் கோப்பை நெருங்கும் வேளையில் பயிற்சியாளர் திடீர் விலகல். சொந்தக் காரணங்களுக்காக என அறிவிப்பு." சொந்தக் காரணம்! அந்த வார்த்தையை எடுத்துக் குடுத்ததே நான்தான் சார். கிரிக்கெட் போர்டு ஆபீஸ்ல இங்கிலீஷ்ல என்னமோ நீளமா எழுதி வெச்சுக்கிட்டு மண்டையைப் பிச்சுக்கிட்டு இருந்தாங்க. சொந்தக் காரணம்னு போட்டு விடுங்க, எவனும் மேல கேக்க மாட்டான்னேன். பாருங்க, எவனும் கேக்கல.

என்னைத் தெரிஞ்சிருக்காது, பரவாயில்ல. மதுரையில கல்யாண மண்டபம் வெச்சிருக்கேன். கூடவே மாவட்ட கிரிக்கெட் சங்கத்துச் செயலாளர். நான் கிரிக்கெட் ஆடுனதில்ல. அதை நானே சொல்லிடறேன், ஏன்னா அந்தக் கோச்சு அதை வாயைத் திறக்காமலே எல்லாருக்கும் சொல்லிருவாரு. மேனேஜர் பதவி ஒவ்வொரு மாநிலத்துக்கா சுத்தி வரும், நம்ம முறை வந்தப்ப என் பேரைச் சொன்னாங்க. ஆடத் தெரியாதே தவிர, ஆளுங்களைக் கட்டி மேய்க்கத் தெரியாதா எனக்கு? ரெண்டு சம்பந்தி வீட்டையும் ஒரே மண்டபத்துல தங்க வெச்சு, விடிஞ்சதும் அடிதடி இல்லாம தாலி கட்ட வைக்கிறவன் சார் நான். பொண்ணுங்க டீமைக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றது ஒரு வேலையா?

இந்த பஸ்ல ஏன் வர்றேன்னு கேக்கறீங்களா? கார் சர்வீஸ்ல கிடக்கு. பாளையங்கோட்டையில கோச்சு வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். பைபாஸ்ல பறக்கிற வண்டின்னு ஒருத்தன் ஏத்திவிட்டான். இவன் என்னடான்னா ஒரு ஊர் விடாம உள்ள நுழைஞ்சு விசாரிச்சுட்டு வர்றான்.

தேவசகாயம் ஜெயிச்சாரு. யாரு இல்லேன்னா? அவரு வர்றதுக்கு முன்னாடி நம்ம பொண்ணுங்க தோத்துட்டு வர்றதுக்குன்னே ஃப்ளைட் ஏறும். அவரு வந்தப்புறம் போன இடமெல்லாம் கோப்பை. பேப்பர்க்காரன்லாம் தலையில தூக்கி வெச்சு ஆடுனாய்ங்க. ஆடட்டும். ஆனா அந்தக் கோப்பையெல்லாம் வர்றப்ப மேனேஜர் யாரு? நான் போன ஒரு டூர்ல கூட நம்ம டீம் தோக்கல. அதை எவனாவது எழுதுனானா? குளிர் தேசத்துல, பொண்ணுங்க ரொட்டியைத் தின்னு தின்னு நாக்கு செத்துக் கிடந்தப்ப, ஊரெல்லாம் அலைஞ்சு ஒரு இலங்கைத் தமிழர் கடையைக் கண்டுபிடிச்சு ரசம் வாங்கிட்டு வந்தேன். மறுநாள் ஃபைனல் ஜெயிச்சோம். ரசத்தால ஜெயிச்சோம்னு நான் சொல்லல. ரசம் இல்லாம ஜெயிச்சிருப்போமான்னு நீங்களே யோசிங்க.

அவருக்கு ஒரு பழக்கம். பைத்தியக்காரப் பழக்கம்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுவீங்க. மேட்சுக்கு முந்தின சாயங்காலம், ஆடப்போறது யாருன்னு முடிவானதும், பேரையெல்லாம் வாட்ஸப் குரூப்ல போட்டா வேலை முடிஞ்சுது. ஒரு விரல் வேலை. இவரு போட மாட்டாரு. யாருக்கு இடம் இல்லையோ அந்தப் பொண்ணை மொதல்ல தனியா கூப்பிடுவாரு. மைதானத்தைச் சுத்தி எல்லைக் கயிறு போட்டிருப்பான்ல, அதை ஒட்டியே ஒரு முழுச் சுத்து ரெண்டு பேரும் நடப்பாங்க. உனக்கு ஏன் இடம் இல்ல, நீ என்ன பண்ணனும், எப்ப உள்ள வருவ, எல்லாம் நடந்துக்கிட்டே சொல்லுவாராம். சில பொண்ணுங்க பாதி வழியில நின்னு அழும். இவரும் நிப்பாரு. கையில தண்ணி பாட்டில் வெச்சிருப்பாரு, குடுப்பாரு. குடிச்சிட்டு மறுபடி நடக்கும். சுத்தி வந்து சேர்றப்ப மூஞ்சி தெளிஞ்சிருக்கும். அன்னிக்குச் சாப்பாட்டுல எல்லார் கூடவும் உக்காந்து சிரிச்சுக்கிட்டே சாப்பிடும். பொண்ணுங்க அதுக்கு 'ரவுண்டு'ன்னே பேர் வெச்சிருந்துச்சுங்க. அதுங்களுக்குள்ள இந்தியில என்னமோ பேசிக்கும், எனக்கு அந்த 'ரவுண்டு' மட்டும்தான் புரியும்.

அவரு சுத்தி முடிக்கிற வரைக்கும் டீம் பஸ் நிக்கும். டிரைவர் என்னை முறைப்பான். அது யாரு தலைவலி? மேனேஜர் தலைவலி. ஒருநாள் கேட்டே கேட்டுட்டேன், ஏன் சார், ஒரு சேரைப் போட்டு உக்கார வெச்சுச் சொன்னா ஆகாதான்னு. "உக்காந்து சொன்னா என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கணும் சார். நடந்துக்கிட்டே சொன்னா, அழணும்னா அந்தப் பக்கம் திரும்பி அழுதுக்கலாம்"னாரு. தத்துவம்! கோப்பை நாலு வாங்கிட்டா தத்துவமும் சேந்து வந்துருது.

நம்ம ஊர் வழக்கம் என்ன சார்? ஒரு வீட்டுக்குக் கெட்ட சேதின்னா, அந்த வீட்டுப் பெரிய ஆம்பளை கிட்டதானே மொதல்ல சொல்லுவோம்? என் மண்டபத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரன் பாதியில கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னா, நான் நேராப் போய் மணப்பொண்ணு கிட்டயா சொல்லுவேன்? அப்பனை ஓரமாக் கூட்டிட்டுப் போய், தோள்ல கையைப் போட்டு, ஒரு டம்ளர் மோர் குடுத்து, பக்குவமாச் சொல்லுவேன். அவரு உள்ள போய்ச் சொல்லுவாரு. இத்தனை வருஷமா அப்படித்தான். ஒரு புகார் வந்ததில்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். டீம்ல நம்ம பக்கத்துப் பொண்ணு ஒண்ணு இருந்துச்சு. ஜெயதர்ஷினி. வேகப்பந்து போடும். பாக்க ஒல்லியா இருக்கும், ஓடி வர்றதைப் பாத்தா எதிர்ல பேட் பிடிக்கிறவளுக்கு வீட்டு ஞாபகம் வந்துரும். அப்பா பேரு பால்பாண்டி, சாத்தூர்ல பெயிண்ட் கடை. தங்கமான மனுஷன். நான் போன் பண்ணா எந்திரிச்சு நின்னுதான் பேசுவாருன்னு நினைக்கிறேன், குரல்ல அப்படி ஒரு மரியாதை. அந்தப் பொண்ணுக்குக் கொஞ்ச நாளா வலது தோள்பட்டையில வலி.

பெங்களூர்ல கேம்ப். வேர்ல்ட் கப்புக்கு ஆள் எடுக்கிற மீட்டிங். நானும் உள்ளதான் இருந்தேன். ஓட்டு கிடையாது எனக்கு. டீ, பிஸ்கட், ஏசி, இதெல்லாம் என் டிபார்ட்மெண்ட். ஜெயதர்ஷினி பேர் வந்துச்சு. தேவசகாயம் டாக்டர் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொல்லிட்டு, "மெயின் டீம்ல இப்போதைக்கு இவளைப் போட முடியாது"ன்னாரு. சொல்றப்ப அவரு குரலே இறங்கிருச்சு. எனக்கும் மனசு என்னமோ பண்ணிருச்சு. இளகுன மனசு சார் எனக்கு, அதான் கெட்ட பேரே. போனை எடுத்துக்கிட்டு உடனே வெளிய வந்துட்டேன். அதுக்கப்புறமும் உள்ள ஏதோ பேசிக்கிட்டு இருந்தாங்களாம். நான் இல்லாதப்ப பேசுனதுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

பால்பாண்டிக்குப் போனைப் போட்டேன். "அண்ணே, மனசைத் தேத்திக்கங்க"ன்னு ஆரம்பிச்சேன். பக்குவமாத்தான் ஆரம்பிச்சேன், அந்த மனுஷன் பொண்ணு செத்துப் போச்சுன்னு நினைச்சுட்டாரு. "அய்யோ, பாப்பாவுக்கு என்ன சார்?"னு அலறிட்டாரு. "உசுருக்கு ஒண்ணும் இல்லண்ணே, தோள்பட்டைதான் போச்சு. பேரை எடுத்துட்டாங்க. கோச்சு எவ்வளவோ போராடிப் பாத்தாரு, முடியல"ன்னேன். அவரைப் பத்தி நல்லபடியாத்தான் நாலு வார்த்தை சேத்துச் சொன்னேன், அதைப் பாத்துக்கங்க. "இனிமே பந்து போட முடியுமா சார்?"ன்னு கேட்டாரு. நான் என்ன டாக்டரா? ஆனா ஒரு தகப்பன் தவிச்சுப் போய்க் கேக்கறப்ப, தெரியாதுன்னு மொட்டையாச் சொன்னா நல்லாவா இருக்கும்? "கஷ்டம்தாண்ணே. பொம்பளைப் பிள்ளை, எத்தனை காலத்துக்கு ஓடிக்கிட்டே இருக்கும்? நல்ல இடமாப் பாத்துக் கட்டிக் குடுங்க"ன்னேன். ஆவணியில நம்ம மண்டபத்துல ஒரு நல்ல முகூர்த்தம் காலியா இருக்குங்கறதையும் சொன்னேன். அவருக்கும் ஒரு பிடிப்பு வேணும்ல?

"நீங்க சொன்னா சரியாத்தேன் இருக்கும் சார்"னாரு. அழுதாரு. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. ஆனா போனை வெச்சப்புறம் ஒரு நிம்மதி. ஒரு குடும்பத்துக்குச் செய்ய வேண்டியதை முறையாச் செஞ்சுட்டோம்னு. அன்னிக்கு நல்ல தூக்கம்.

காலையில மைதானத்துக்குப் போனா, கோச்சு எல்லைக் கயிறு பக்கத்துல தண்ணி பாட்டிலோட நிக்கிறாரு. நிக்கிறாரு, நிக்கிறாரு, நின்னுக்கிட்டே இருக்காரு. மத்த பொண்ணுங்க ஓடி முடிச்சிருச்சு, வெயில் ஏறிருச்சு, மனுஷன் நகரல. ஜெயதர்ஷினி வரவே இல்ல. அப்புறம் ரூமைத் திறந்து பாத்தா, டீம் சட்டையெல்லாம் துவைச்சு மடிச்சுக் கட்டில் மேல வெச்சிருக்கு. ஆளைக் காணோம். அப்பா போன் பண்ணதுமே யார் கிட்டயும் சொல்லாம ஊருக்கு பஸ் ஏறிருச்சு.

அப்பதான் எனக்கு மிச்ச கதை தெரிஞ்சுது. நான் வெளிய வந்தப்புறம் அந்தப் பொண்ணை ரிசர்வ்ல போட்டிருக்காங்க. டீம் கூடவே ஃப்ளைட் ஏறணும், அங்க இருந்தே தோள்பட்டை தேறணும், டோர்னமெண்ட் பாதி போனப்புறம் உள்ள வரணும். டாக்டரும் தேறிரும்னுதான் சொல்லியிருக்காரு. அதைச் சொல்லத்தான் கோச்சு பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்காரு. சரி, இதை என்கிட்ட யாராவது வெளிய வந்து ஒரு வார்த்தை சொன்னாங்களா? சொல்லியிருந்தா நான் ஏன் போன் பண்றேன்? அத்தனை பேர் உள்ள உக்காந்திருந்தாங்க, மேனேஜருக்குத் தகவல் சொல்லணும்னு ஒருத்தருக்குத் தோணல. தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க.

அவ அப்பாவுக்கு யாரு சொன்னதுன்னு கோச்சு விசாரிச்சாரு. நான்தான்னு நானே சொன்னேன். ஒளிக்க என்ன இருக்கு? திட்டுவாருன்னு பாத்தேன். திட்டல. திட்டியிருந்தா தேவலை, நானும் திருப்பி நாலு கேட்டிருப்பேன். "அவ அப்பா கிட்ட ஏன் சார் சொன்னீங்க? பந்து போடறது அவதானே?"ன்னு மட்டும் கேட்டாரு. பிள்ளை குட்டி பெத்தவன் கேக்கற கேள்வியா இது?

அன்னிக்கே கிளம்பிச் சாத்தூர் போனாரு. ரிசர்வ்ல இடம் இருக்கு, வான்னு கூப்பிட. அங்க என்ன நடந்துச்சுன்னு பால்பாண்டியே எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு. "கோச் சார் நல்ல மனுஷன் சார். பாப்பா மனசு விட்டுறக் கூடாதுன்னு ரிசர்வு கிசர்வுன்னு ஆறுதலுக்குச் சொல்றாரு. எங்களுக்குத் தெரியாதா? நீங்கதேன் உள்ளதை உள்ளபடி சொன்னீங்க." அந்தப் பொண்ணு ரூம் கதவையே திறக்கலையாம். உள்ள இருந்துக்கிட்டே, "எனக்காகப் பொய் சொல்லாதீங்க சார், போயிருங்க"ன்னுச்சாம். இவரு கதவுக்கு வெளிய கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பி வந்துட்டாராம்.

அப்பவே பால்பாண்டி கிட்ட நீங்க உண்மையைச் சொல்லியிருக்கலாமேன்னு பாக்கறீங்க. புரியுது. என்னன்னு சொல்றது? முந்தாநாள் நான் சொன்னதெல்லாம் தப்புன்னா? உள்ளதை உள்ளபடி சொன்னீங்கன்னு இப்பதான் மனுஷன் கையெடுத்துக் கும்பிடாத குறையாச் சொல்றாரு. அந்த மரியாதையை நானே கெடுத்துக்கவா? "பெரியவங்க பாத்துக்குவாங்கண்ணே"ன்னு பொதுவா ஒண்ணு சொல்லி வெச்சேன். அதுல பொய் இருக்கா? இல்ல.

அடுத்தது போர்டு. சொல்லாம கேம்ப்பை விட்டுப் போனது ஒழுங்கீனம், ரிசர்வ்லயும் பேரை எடுத்தாச்சுன்னு சொல்லிட்டாங்க. இவரு விடல. "அவ ஒழுங்கீனமாப் போகல. நம்ம மேனேஜர் தப்பாச் சொன்னதால போனா. அப்படியே வெளிய சொல்லுங்க"ன்னு நின்னாரு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் ஃபேனைப் பாத்தேன். மேனேஜர் பேரை இழுக்க வேண்டாம், டீமுக்கு அசிங்கம்னு முடிவாச்சு. நல்ல முடிவு. எல்லாருக்கும் மரியாதையான முடிவு. இவரு மட்டும் எந்திரிச்சுட்டாரு. "இனிமே நான் ஒரு பொண்ணை ரவுண்டு கூட்டிட்டுப் போய் ஒண்ணு சொன்னா, அவ ஏன் என்னை நம்பணும்?"னு கேட்டுட்டு, ராஜினாமான்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு.

ஒரு போன் கால் சார். ஒரே ஒரு போன் கால். அதுக்குப் போய் எவனாவது வேர்ல்ட் கப்பை விடுவானா? ரோஷத்துக்கும் ஒரு அளவு இல்ல?

அவரு போனதுல இருந்து டீம்ல இழவு வீடு மாதிரி இருக்கு. கையில வந்து விழற கேட்சைக் கூடப் பொண்ணுங்க கோட்டை விடுது. கேப்டன் பொண்ணு, புனேக்காரி, போர்டு தலைவர் கிட்ட என்னமோ போட்டுக் குடுத்திருக்கா. தலைவர் என்னைக் கூப்பிட்டாரு. "நவநீதம், நீங்க போய் அவரைக் கூட்டிட்டு வாங்க. அந்தப் பொண்ணும் தானா வந்து சேந்துட்டா ரிசர்வ் இடத்தைத் திருப்பிக் குடுத்துரலாம். தேவசகாயம் ஃப்ளைட் ஏறுனா நீங்களும் ஏறுங்க. இல்லேன்னா உங்களுக்குப் பதிலா வேற ஆள் பாத்துக்கறோம்"னாரு. புரியுதா? அவரு வரலேன்னா நானும் இல்ல. பிளேசருக்கு அளவு குடுத்தாச்சு சார். நெஞ்சுல பேட்ஜ் வெச்ச பிளேசர். எங்க வீட்டுல சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம எல்லார் கிட்டயும் சொல்லியாச்சு. என் சம்பந்தியம்மா டிவியில என்னைக் காட்டுவாங்களான்னு இப்பவே கேட்டுக்கிட்டு இருக்கு. இப்பப் போய் இல்லேன்னா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மண்டபத்துல கல்லாவுல உக்கார்றது?

அதான் பாளையங்கோட்டை போனேன். சும்மா போகல, பொன்னாடை வாங்கிட்டுப் போனேன், அல்வா வாங்கிட்டுப் போனேன். திருநெல்வேலிக்காரருக்குத் திருநெல்வேலி அல்வாவை வாங்கிட்டுப் போன ஆள் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். மனுஷன் கைலியோட வாசல்ல ஸ்கூட்டர் கழுவிக்கிட்டு இருந்தாரு. சோப்பு நுரையோட நிக்கிறவர் மேலயே பொன்னாடையைப் போத்திட்டேன். போட்டோ எடுக்கத்தான் ஆள் இல்ல.

தலைவர் முன்னாடியே போன்ல எல்லாம் சொல்லிட்டாரு போல, நான் பேச ஆரம்பிக்கிறதுக்குள்ள அவரே சொன்னாரு. "நான் வர்றேன் சார். எனக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். போற வழியிலதான் சாத்தூர். இறங்கி அந்தப் பொண்ணைப் பாருங்க. அவ அப்பாவை இல்ல, அவளை. மீட்டிங்ல நான் முழுசாக் கேக்கல, அவசரப்பட்டுத் தப்பாச் சொல்லிட்டேன், உனக்கு இடம் இருக்குன்னு உங்க வாயால சொல்லுங்க. நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைக்கிறா. நீங்க சொன்னாத்தான் நம்புவா. அவ எனக்கு ஒரு போன் போடட்டும், அடுத்த வண்டியில கிளம்பிருவேன். பெட்டி கட்டித்தான் இருக்கு." பெட்டி ஹால்லயே இருந்துச்சு சார், நானே பாத்தேன்.

கவனிச்சீங்களா? அவரு வாயாலயே சொல்லிட்டாரு. அவரு வார்த்தையை நம்ப மாட்டாங்க, என் வார்த்தையைத்தான் நம்புவாங்க. இத்தனை கோப்பை வாங்குன ஆளு, என்னைப் பத்தி மொதத் தடவையா ஒரு நல்ல வார்த்தை சொன்னாரு. எனக்கே கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு. "பாக்கலாம் சார்"னு சொல்லிட்டு வந்தேன்.

என்ன பாக்கலாம்னா? நீங்களும் அவரு மாதிரியே கேக்கறீங்க. எனக்கு அறுபது நெருங்குது. ஊர்ல நாலு பேர் எந்திரிச்சு வணக்கம் வெக்கிற ஆளு. இருபது வயசுப் பொண்ணு முன்னாடி போய் நின்னு, நான் தப்பாச் சொல்லிட்டேம்மான்னு சொல்லவா? அப்பா பாத்துக்கிட்டு நிப்பாரு. அம்மா நிக்கும். கடையில பெயிண்ட் வாங்க வந்தவன் நிப்பான். நாளைக்கு அவன் அதை ஊரெல்லாம் சொல்லுவான். அது மட்டும் இல்ல, அங்க ஒரு நல்ல காரியம் வேற பேசி முடியற நேரம். மாப்பிள்ளை மதுரையில வேலையாம். ஆவணியில அந்த முகூர்த்தம்தான், நம்ம மண்டபம்தான். பால்பாண்டி தேதியை எழுதி வெச்சுக்கச் சொல்லிட்டாரு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா ஒரு கல்யாணப் பேச்சுக்குக் குறுக்க போய் நிக்கறது பாவம் இல்லையா?

அதுக்காக நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்னு நினைக்காதீங்க. பஸ் ஏறுனதும் பால்பாண்டிக்கு வாட்ஸப்ல ஒரு ரோஜாப்பூ படம் அனுப்புனேன். கும்பிடற கை ரெண்டு போட்டேன். புரிஞ்சுக்கிறவங்களுக்கு அதுல எல்லாம் இருக்கு. அவரும் உடனே கும்பிடற கை ரெண்டு போட்டுட்டாரு. இதுக்கு மேல என்ன வேணும்?

சரி, என் கதையவே பேசிக்கிட்டு வர்றேன். நீங்க எங்க இறங்கறீங்க? சாத்தூரா? அட. சொல்லவே இல்லையே. சாத்தூர்ல எங்க... சரி சரி, எங்கயா இருந்தா என்ன.

இதோ வந்துருச்சு. பஸ் ஸ்டாண்டுக்கு உள்ளயே கொண்டு போறான். என்ன கண்டக்டர், எவ்வளவு நேரம் நிக்கும்? டீ குடிச்சுட்டு வர்ற வரைக்குமா? அதெல்லாம் எங்க சார் நேரம் பத்தும். இறங்கி, ரோட்டைத் தாண்டி, விசாரிச்சு... விசாரிக்க வேண்டியதில்ல, அதோ எதிர்லயே போர்டு தெரியுது, பால்பாண்டி பெயிண்ட்ஸ். இருந்தாலும் வெயிலைப் பாருங்க. சட்டையெல்லாம் கசங்கிப் போய் இருக்கு. இந்தக் கோலத்துல ஒரு வீட்டுக்குப் போனா அவங்களுக்கு என்ன மரியாதை?

அதோ, அதோ, உள்ள ஸ்டூல் மேல நிக்குது பாருங்க, அதான் அந்தப் பொண்ணு. பெரிய டப்பாவா எடுத்து மேல் அடுக்குல வெச்சுக்கிட்டு இருக்கு. பத்து லிட்டர் டப்பா சார் அது, வலது கையாலயே தூக்கி வெச்சிருச்சு. தோள்பட்டையெல்லாம் நல்லாயிருச்சு போல. பாத்தீங்களா, நான் சொல்லல? வீட்டுச் சாப்பாடு, அப்பா அம்மா பக்கத்துல. மூஞ்சி ஏன் அப்படி இருக்குன்னு கேக்கறீங்களா? தூரத்துல இருந்து பாத்தா எல்லார் மூஞ்சியும் அப்படித்தான் இருக்கும்.

இந்த டிரைவர் ஏன் இன்னும் வண்டியை எடுக்க மாட்டேங்கறான்? ஒரு டீயை இவ்வளவு நேரமா குடிப்பான்?

நீங்க இறங்குங்க சார், பையை நான் எடுத்துக் குடுக்கறேன். ஒரு சின்ன உதவி. நீங்க எப்படியும் அந்தக் கடையைத் தாண்டித்தானே போகணும்? மேனேஜர் சார் பஸ்ல போனாரு, விசாரிச்சாருன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. ரிசர்வ்ல ஏதோ இடம் இருக்குங்கற மாதிரி பேச்சு அடிபடுதுன்னும் பட்டும் படாமச் சொல்லுங்க. தப்பு, மன்னிப்புன்னு பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். ஆங், எடுத்துட்டான். சார்! சார், ஒண்ணு மறந்துட்டேன்! அந்தப் பொண்ணு கிட்டச் சொல்லாதீங்க. அப்பா கிட்டச் சொல்லுங்க. அதான் முறை!